சங்கிலியில் கட்டிய கேத்தில்

என் கணவரைக் கொன்றவர் என்று பதினொரு வருடம் நான் நம்பியிருந்த ஒரு மனிதரைப் பற்றி எழுதப்போகிறேன். பெயர் சொல்லமாட்டேன். சொன்னால் லண்டன் மனோர் பார்க்கில் இன்றைக்கும் நாலு பேர், "ஓ, அந்த பிரேக் பாக்காத ஆளோ?" என்று கேட்பார்கள். அப்படி அவர்கள் கேட்பதற்கு நான்தான் காரணம். கதையை முதலில் வாய்விட்டுச் சொன்னவள் நான். ஆகவே திருத்துகிற வேலையும் என் தலையில்தான் விழுகிறது.

முதன்முதலாக அவரைக் கண்டபோது லொறிக்குக் கீழே மல்லாந்து கிடந்து, ஒரு குழாயில் கன்னத்தை வைத்துக்கொண்டிருந்தார். எண்பதுகளின் நடுப்பகுதி. நானும் கணவரும் லண்டனுக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருக்கவில்லை. தேம்ஸ் ஆற்றுப் பக்கமாக ஒரு வெள்ளைக்காரருடைய யார்ட். ஐந்து லொறி. அவர் அங்கே மெக்கானிக், என் கணவர் சாரதி. ஒபிஸ் என்று பெயருக்கு நின்ற தகரக் கொட்டிலில் தொலைபேசி எடுப்பதும் ஓட்டத் தாள்களை எழுதுவதும் என் வேலை. எங்கள் மூன்று பேருக்கும் யாழ்ப்பாணம்தான் ஊர். அவர் என் கணவரைவிட ஏழெட்டு வயது மூத்தவர், கலியாணம் செய்யாதவர். நாங்கள் இருவரும் அவரை அண்ணை என்போம். அவர் என்னைத் தங்கச்சி என்பார்.

கன்னம் எதற்கென்று கேட்டேன்.

"காத்து ஒழுகுதோ எண்டு பாக்கிறன் தங்கச்சி. இந்தக் குளிருக்கு விரல் செத்துப்போம். கன்னம் சாகாது."

சவர்க்காரத் தண்ணீர் பூசினால் ஒழுகுகிற இடத்தில் குமிழி வரும் என்பது எல்லா மெக்கானிக்கும் செய்வது. உறைபனியில் குமிழி வருமுன்னே சவர்க்காரமே உறைந்துவிடுமாம். அதனால் காதும் கன்னமும். மார்கழி தொடங்கினால் அவருடைய இடது கன்னம் வெடித்துச் செம்மண் தரை மாதிரி ஆகிவிடும். "அண்ணைக்குக் கலியாணம் பேசவேண்டாம், அவர் லொறியோட கொஞ்சிக்கொண்டு கிடக்கட்டும்" என்று சாரதிமார் பகிடி பண்ணுவார்கள். காற்றுக் குழாய்க்குள் உறையாமலிருக்க அவர் ஒரு சின்னப் போத்தலில் ஸ்பிரிட் ஊற்றுவார். அதிலே பாதி லொறிக்கு, பாதி அண்ணைக்கு என்பார் என் கணவர். அண்ணையோ தேத்தண்ணிக்கு மேலே ஒன்றும் குடியாதவர்.

பெரிய லொறியின் பிரேக் காற்றில் வேலை செய்வது. எஞ்சின் காற்றை இழுத்துத் தாங்கிகளில் அடைத்து வைக்கும். மிதித்தால் அந்தக் காற்றுத்தான் போய்ச் சக்கரத்தைப் பிடிக்கும். காற்றோடு ஈரமும் உள்ளே போய்த் தாங்கியின் அடியில் தண்ணீராக நிற்கும். எங்கள் ஊரில் அதை வாரத்துக்கு ஒரு தரம் திறந்துவிட்டால் போதும், மறந்தாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. இங்கே ஒரு நாள் மறந்தால் அந்தத் தண்ணீர் வால்வுக்குள் போய் உறைந்து, மிதிக்கிற நேரம் காற்றுக்கு வழி விடாது.

"காத்துக்குள்ள தண்ணி இருக்கு. ஊரில அது எங்களை ஒண்டும் செய்யேல்லை. இஞ்ச செய்யும்" என்பார் அண்ணை. இதுதான் அவர் பேசிய மிக நீளமான பேச்சு. மற்றபடி சாரதிமாருக்கு அவர் சொல்லும் காலை வணக்கம், "காத்து ஏறினாப் பிறகு எடுங்கோ."

விடிய ஐந்து மணிக்கு வந்து ஒவ்வொரு லொறிக்கும் கீழே குனிந்து, தாங்கியின் அடியிலிருக்கும் வளையத்தை இழுப்பார். புஸ்ஸென்று ஒரு சத்தம் வரும். ஒபிஸுக்குள் ஹீட்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அரைத்தூக்கத்தில் நான் எண்ணுவேன். ஒன்று, இரண்டு, மூன்று. கடைசியில் ஒபிஸுக்குப் பக்கத்தில் நிற்பது என் கணவரின் லொறி. ஐந்தாவது புஸ் கேட்டதும் எழும்பித் தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கிற கேத்தில் சுவிட்சைப் போடுவேன். அது கொதிக்கவும் அவர் கையைத் தேய்த்துக்கொண்டு வாசலுக்கு வரவும் சரியாக இருக்கும். உள்ளே வரமாட்டார், பூட்ஸில் எண்ணெய் என்பார். வாசலில் நின்றே குடிப்பார்.

எங்கள் இரண்டாவது குளிர்காலத்துத் தைப்பொங்கலுக்கு முதல் நாள் பின்னேரம், என் கணவர் லொறியைக் கழுவினார். ஊரில் கழுவிச் சந்தனம் பூசிப் பழகிய கை. குழாயைப் பிடித்துச் சக்கரம் சக்கரமாக அடித்துக் கழுவினார். அண்ணை ஓடிவந்து தடுத்தார்.

"இண்டைக்கு இறுகும். கழுவாதேங்கோ."

"வருஷத்துக்கு ஒரு நாள் அண்ணை. நாளைக்குப் பொங்கல். ஊத்தை வண்டியையோ சூரியனுக்குக் காட்டுறது?"

"எண்டால் ஹான்ட்பிரேக் போடாமல் விடுங்கோ. கட்டையை நான் வைக்கிறன்."

ஈரமான சக்கரத்தில் ஹான்ட்பிரேக் போட்டு விட்டால் பிரேக் கட்டை உருளையோடு ஒட்டி உறைந்துவிடும். அதற்குத்தான் அவர் மரக்கட்டைகளைச் சக்கரத்துக்கு அண்டை கொடுப்பது. என் கணவர் ஓம் ஓம் என்றார். பிறகு பழக்கதோஷத்தில் ஹான்ட்பிரேக்கை இழுத்துவிட்டு வந்துவிட்டார். கண்ணாடியில் மூன்று குறி விபூதியும் ஒரு சந்தனப் பொட்டும் வைத்தார். வீட்டுக்கு வந்து பானையைக் கழுவி வைத்தோம், பின்னேரம் அவர் திரும்பியதும் பொங்குவதென்று.

விடிய ஐந்தரைக்கு ஒபிஸ் கதவைத் திறந்துகொண்டு என் கணவர் வந்தார். பின்சக்கரம் அசையவில்லை என்றார். அண்ணை அன்றைக்கு இன்னும் தேத்தண்ணிக்கு வராமல், யார்டின் மறு தலைப்பில் வேறொரு லொறிக்குக் கீழே இருந்தார்.

"அண்ணையைக் கூப்பிடுங்கோவன்" என்றேன்.

"கூப்பிட்டா, நேற்றே சொன்னனான் எண்டு ஒரு பாட்டுப் பாடி, ஹீட்டர் பிடிச்சு, ஒன்பது மணியாக்கிப் போடுவார். கேத்திலைத் தாரும். அவருக்குச் சொல்லாதையும்."

கொதித்துக்கொண்டிருந்த கேத்திலை எடுத்துக் கொடுத்தேன். சிரித்துக்கொண்டுதான் கொடுத்தேன். சூட்டுக்குப் பனி இளகும், அதில் என்ன இருக்கிறது? கொளுத்துகிற வெயிலில் பிறந்து வளர்ந்த இரண்டு பேருக்கு வேறென்ன யோசனை வரும்? திரும்ப வந்து இன்னொரு கேத்தில் வாங்கிக்கொண்டு போனார். பிறகு லொறி கிளம்பும் சத்தம் கேட்டது. ஹோர்ன் ஒரு தரம் அடித்தார், எனக்கு.

கேத்திலைப் பிறகு நான் தேடியபோது அது தன் இடத்தில் இருந்தது. அடியில் யார்டுச் சரளைக்கல் ஒன்றிரண்டு ஐஸோடு ஒட்டியிருந்தது. துடைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.

பத்து மணிக்குத் தொலைபேசி வந்தது. கென்ட் பக்கத்து நீண்ட இறக்கம் ஒன்றில் லொறி நிற்காமல் போய்ப் பாலத்துச் சுவரில் மோதிவிட்டது. வேறு யாருக்கும் காயமில்லை. அதை நல்ல செய்தியாகச் சொன்னார்கள்.

விசாரணைக்கு இரண்டு பேர் கோப்போடு வந்தார்கள். பின்சக்கரத்து வால்வுக்குள் தண்ணீர் உறைந்திருந்ததாம். தாங்கித் தண்ணீரைத் திறந்துவிடாததால் இருக்கும் என்றார்கள். திறந்ததாக அண்ணை தாளில் கையெழுத்து வைத்திருந்தார். என்னிடம் கேட்டார்கள், நீங்கள் பக்கத்தில்தானே இருந்தீர்கள், அன்றைக்கு அந்தச் சத்தம் கேட்டதா?

கேட்கவில்லை என்றேன்.

கேட்டதா இல்லையா என்று நான் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. எனக்கு அப்போது ஒரு ஆள் தேவைப்பட்டார். சொன்ன பிறகு அதை நானே நம்பினேன். சொன்னபோது அண்ணை அதே வாசலில்தான் நின்றார். அவரிடமும் கேட்டார்கள். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு, மறந்திருப்பேன் என்று இங்கிலீஸில் சொன்னார். ஒபிஸ் அலுமாரியின் மேலே கேத்தில் இருந்தது. ஒருவரும் அதைப் பார்க்கவில்லை.

செத்த வீட்டுக்கும் வந்தார். மனம் வெந்தவள் ஒரு பிடி மண்ணை அள்ளித் தூற்றித் திட்டினால் அந்தத் திட்டு விடாது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. வாசலுக்கு ஓடினேன், செருப்புக்கூட இல்லை. குனிந்து மண்ணைப் பிராண்டினேன். நிலம் கல்லாக இறுகிக் கிடந்தது. நகம்தான் பிய்ந்தது, மண் வரவில்லை. கையில் வந்தது பனி. அதை அள்ளி அவர் தலையில் எறிந்தேன்.

"நாசமாப் போவாய். உன்ர குடும்பத்தில ஒரு நல்லது நடக்காது."

அவர் தட்டிவிடவில்லை. தலையிலிருந்த பனி உருகி முகத்தில் வழியும்வரை நின்றார். அழுகிறான், செய்த பாவம் என்று சனம் பேசிக்கொண்டது. திட்டு பலித்தது என்றும் சொல்லவேண்டும். வேலை போனது. ஊரில் அவருடைய தங்கைக்குப் பேசியிருந்த கலியாணம், பிரேக் பார்க்காமல் ஆளைக் கொன்றவனின் தங்கை என்று குழம்பியது. கோயிலில் அந்தச் செய்தியை எனக்குச் சொன்னவளிடம், முருகன் கண் திறந்துவிட்டான் என்றேன். சந்தோஷமாகவே இருந்தது.

அடுத்த குளிர்காலத்திலிருந்து உறைபனி விழும் நாளெல்லாம் என் வீட்டு வாசற்படியில் உப்பு தூவிக் கிடந்தது. கல்லுப்பு, வழுக்காமலிருக்கப் போடுவது. றோட்டுக்கு உப்புப் போடுகிற கவுன்சில்காரர் எவ்வளவு நல்லவர்கள் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டு வங்காளக் கிழவருக்கு ஏன் போடவில்லை என்று யோசிக்க எனக்கு இரண்டு வருடம் எடுத்தது. மூன்றாம் வருடம் ஒரு விடியற்காலை யன்னல் சீலையை விலக்கிப் பார்த்தால், ஒரு பையோடு அவர் குனிந்து நிற்கிறார். கதவைத் திறந்து, தெரு எழும்பக் கத்தினேன்.

"வழுக்கும் தங்கச்சி" என்றார். அவ்வளவுதான். போய்விட்டார்.

அவருடைய உப்பு என் படியில் கிடக்கவோ என்று ஒரு வாளி தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். அரை மணித்தியாலத்தில் அது கண்ணாடியாக உறைந்தது. வேலைக்கு இறங்கியவள் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் காத்திருந்தபோதும் அவரைத்தான் திட்டினேன். சூடில்லாத தண்ணீர் என்பதைத் தவிர, முன்பு செய்ததையே திரும்பச் செய்திருக்கிறேன் என்பது அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. கட்டோடு வீட்டுக்கு வந்த மறுநாளும் படியில் உப்பு இருந்தது. அதற்குப் பிறகு நான் கழுவவில்லை, நன்றியும் சொல்லவில்லை.

அந்த நாட்களில் அவரைப் பற்றிக் காதில் விழுந்ததெல்லாம் கோமாளிக் கதைகள். றோட்டோரத்தில் நிற்கும் யாரோ ஒருவருடைய லொறிக்குக் கீழே குனிந்து வளையத்தை இழுத்து, பொலிஸ் பிடித்துப் பெயர் எழுதிய கதை. குப்பை லொறிக்காரர்களை மறித்து, "தண்ணி திறந்தாச்சோ?" என்று தமிழிலே கேட்ட கதை. ஆளுக்கு மூளை தட்டிவிட்டது என்றார்கள். தட்டட்டும் என்றேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நான் வீட்டில் சமைத்து, சோற்றுப் பார்சல் கட்டிக் கடைகளுக்கும் யார்ட்டுகளுக்கும் கொடுத்துக்கொண்டிருந்தேன். பொங்கலுக்கு முதல் நாள் ஒரு புது இடத்திலிருந்து பன்னிரண்டு பார்சல் கேட்டார்கள். எங்கள் ஆட்களுடைய மரக்கறி லொறி யார்ட். நல்ல உறைபனி. பார்சலைத் தேத்தண்ணி அறையில் வைக்கச் சொன்னார்கள். வைத்துவிட்டு நிமிர்ந்தால், சுவர்க் குழாயோடு சைக்கிள் சங்கிலி போட்டு, பூட்டும் போட்டு, ஒரு கேத்தில்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதையுமோ களவெடுக்கிறாங்கள்?" என்று அங்கே சாப்பிட வந்த சாரதிப் பெடியனிடம் கேட்டேன்.

"களவுக்கு இல்லை அக்கா. எங்கட மெக்கானிக் அண்ணைதான் கட்டினவர். பனி நாளில கேத்தில் கதவைத் தாண்டப்படாதாம்."

"ஏன்?"

"ஊரால வந்த புதுசில எல்லாரும் செய்யிற மடவேலை. பிரேக் இறுகினால் சுடுதண்ணி ஊத்துறது. நானும் ஊத்தப் பாத்தனான், அடிக்க வந்திட்டார். ஊத்தினா உடன இளகும், வண்டி ஓடும். ஆனால் தண்ணி வால்வுக்குள்ள போயிடுமாம். றோட்டில குளிர்காத்துப் பட்டுத் திரும்ப உறையேக்க பிரேக் பிடிக்காதாம். முந்தி ஆரோ ஒராள் அப்பிடித்தான்..."

அவன் பேசிக்கொண்டே பார்சலைப் பிரித்தான். நான் அந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டேன். என் பழைய கேத்திலின் அடியில் ஒட்டியிருந்த சரளைக்கல் ஞாபகம் வந்தது. கேத்திலை என் கணவர் திரும்பக் கொண்டுவந்து வைக்கவில்லை. அவர் அதைச் சக்கரத்தடியில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அது நிலத்தோடு உறைந்துபோய் நின்றிருக்கிறது. பெயர்த்தெடுத்து, சத்தமில்லாமல் அதன் இடத்தில் வைத்தவர் வேறொருவர்.

அந்த மெக்கானிக் யாரென்று விளங்கிவிட்டது. அவரைத் தேடிப் போனேன். தூரம் போகவேண்டியிருக்கவில்லை. ஒரு லொறிக்குக் கீழே இரண்டு பூட்ஸ் தெரிந்தன.

"அண்ணை" என்றேன். பதினொரு வருடத்துக்குப் பிறகு.

வெளியே வந்தார். நரைத்துப்போயிருந்தார். இடது கன்னம் வெடித்திருந்தது. என்னைக் கண்டதும், அடி வாங்கப்போகிறவர் மாதிரித் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தார்.

"கேத்திலை நீங்கள்தானே எடுத்து வைச்சனீங்கள்?"

தேத்தண்ணி அறைப் பக்கம் பார்த்தார்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லேல்லை? நான் குடுத்த தண்ணி எண்டு ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் குடுத்ததாலை இல்லை தங்கச்சி. அண்டைக்குத் தாங்கித் தண்ணி நான் திறக்கேல்லை. மறந்திட்டன்."

"பொய். திறந்தனீங்கள். இவர் கேத்தில் கேட்டு வரேக்க அது கொதிச்சுக்கொண்டிருந்தது. ஐஞ்சாவது சத்தம் கேக்காமல் நான் ஒரு நாளும் கேத்தில் போட்டதில்லை. எனக்குக் கேட்டது அண்ணை."

தொப்பியை இரண்டு கையாலும் பிசைந்தார். பிறகு மெதுவாக, பிள்ளைக்குச் சொல்லுவது மாதிரிச் சொன்னார்.

"கேக்கேல்லை. உங்களுக்கு ஒண்டும் கேக்கேல்லை. அண்டைக்கு நீங்கள்தானே சொன்னனீங்கள். அது அப்பிடியே இருக்கட்டும்."

காலில் விழலாம் என்று குனிந்தேன். அவர் பின்னுக்குப் போய், மரக்கட்டையைக் காலால் தள்ளிச் சக்கரத்துக்கு அண்டை கொடுத்தார். "பாத்துப் போங்கோ, வழுக்கும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பக் கீழே போனார். நான் குளிரில் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. அவர் வெளியே வரவேயில்லை.

எறிந்ததைத் திரும்ப அள்ள எங்கள் ஊரில் ஒரு சடங்கும் இல்லை, விசாரித்துப் பார்த்துவிட்டேன். அடுத்த மார்கழியில் முதல் உறைபனி விழுந்தபோது என் படியில் உப்பு இல்லை. அந்த யார்ட்டுக்குப் போய்க் கேட்டேன். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர், திரும்பி வரவில்லை என்றார்கள். செத்த வீட்டுக்கு ஆறு பேர் போனார்களாம். எனக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. எனக்கு ஏன் சொல்லப்போகிறார்கள்? சங்கிலி சுவரில் தொங்கியது, கேத்திலை யாரோ கழற்றிவிட்டார்கள்.

இப்போது உப்பை நானே தூவுகிறேன், என் படியிலும் வங்காளக் கிழவரின் படியிலும். பொங்கலன்று விடிய ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிடும். தெருவில் ஒரு லொறியும் இராது. ஆனாலும் புஸ்ஸென்று வரும். நான் எண்ணுவேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவது, படுக்கைக்குப் பக்கத்திலேயே.

கேட்டது அண்ணை. அன்றைக்கும் கேட்டது.